பதினாறாம் பிளாக், ஐம்பத்திரண்டாம் நிமிடம்

தம்பி இறந்த மறுநாள் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த முதல் செய்தி கழிப்பறைகளைப் பற்றியது. மேற்கு வாசல் பக்கம் பெண்களுக்கு இன்னும் பன்னிரண்டு வேண்டும் என்று போட்டியை நடத்தும் சர்வதேசக் குழு சொல்லிவிட்டதாம். எங்கே வைப்பது என்று கேட்டிருந்தார்கள். வண்டி நிறுத்துமிடத்துக்கும் வேலிக்கும் நடுவில் ஆறு மீட்டர் சும்மா கிடக்கிறது, அங்கே வையுங்கள் என்று பதில் போட்டேன். தம்பி பக்கத்து அறையில் கிடத்தப்பட்டிருந்தான். யாராவது பார்த்திருந்தால் கல்நெஞ்சக்காரி என்று சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும். கை அது பாட்டுக்குத் தட்டச்சு செய்தது, அவ்வளவுதான்.

நான் ஸ்டேடியத்தின் பாதுகாப்புத் திட்ட அலுவலர். பெயர்தான் பெரிது. வேலை என்னவென்றால், எதெல்லாம் கெட்டுப்போகலாம் என்று நாள் முழுக்க உட்கார்ந்து யோசிப்பது. கரண்ட் போனால், மழை கொட்டினால், எல்லாரும் ஒரே வாசலில் முண்டியடித்தால், யாராவது மயங்கி விழுந்தால் யார் எங்கே ஓட வேண்டும் என்று இருநூற்றுப் பதினான்கு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். "வாடகைக்கு வீடு பாக்கப் போனாலும் எங்க அக்கா தண்ணி வருமான்னு கேக்க மாட்டா, தீப்பிடிச்சா எந்தப் பக்கம் ஓடுறதுன்னுதான் கேப்பா" என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கால்பந்தில் ஆஃப்சைடு என்றால் என்ன என்று நான்கு தடவை கேட்டிருக்கிறான், நான்கு தடவையும் மறந்திருக்கிறான். ஆனால் இருபத்து நான்கு நாடுகள் ஆடும் போட்டியின் தொடக்க ஆட்டம் என் ஸ்டேடியத்தில்தான் என்று தெரிந்ததும் அவன் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமில்லை. 'அக்கா ஸ்டேடியம்' என்றுதான் சொல்வான். முப்பத்திரண்டாயிரம் இருக்கையையும் நானே ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தது போல.

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம் உண்டு. மணி காட்டாது. தொடக்க ஆட்டத்துக்கு எத்தனை நாள், எத்தனை மணி நேரம், எத்தனை நிமிடம் பாக்கி என்று சிவப்பு எழுத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் இயக்குநர் பேச்சைத் தொடங்குவதே அதைப் பார்த்துத்தான். அதனால் அவருக்கு அலுவலகத்தில் கவுன்ட்டவுன் என்று பெயர். அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொள்ள நேரமில்லாத மனிதர்.

அந்தக் கடிகாரம் முப்பது நாள் காட்டிய அன்று ஒரு சோதனை ஆட்டம் வைத்தோம். புது வீட்டுக்குள் போகும் முன்பு குழாயையெல்லாம் ஒருமுறை திறந்து பார்ப்போமே, அந்த மாதிரி. இரண்டு உள்ளூர் அணிகள். டிக்கெட் பாதிகூடப் போகவில்லை. காலி இருக்கை கேமராவில் அசிங்கமாகத் தெரியும் என்று ஊழியர்களின் குடும்பத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். நிழல் விழும் மேற்குப் பக்கம், பதினாறாம் பிளாக் முழுக்க ஊழியர் குடும்பங்கள். தம்பிக்கு இரண்டு இருக்கை கொடுத்தேன். அவன் மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் லீவு கிடைக்கவில்லை. அவன் தனியாக வந்து, பக்கத்து இருக்கையில் தன் நீலப் பையை உட்கார வைத்து, அதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பியிருக்கிறான். 'உன் இடம் பத்திரமா இருக்கு' என்று அதற்குக் கீழே எழுதியிருந்தான்.

அன்று ஒரு மருத்துவப் பயிற்சியும் இருந்தது. அறுபதாவது நிமிடத்தில், வெயிலடிக்கும் கிழக்குப் பக்கம், நான்காம் பிளாக்கில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார். அந்த பிளாக்கின் மஞ்சள் ஜாக்கெட் உதவியாளர் வயர்லெஸ்ஸில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். மருத்துவக் குழு எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்கிறது என்று நாங்கள் குறிக்க வேண்டும். எங்கே, எப்போது என்பது உதவியாளர்களுக்குத் தெரியாது. எனக்கும் கவுன்ட்டவுனுக்கும் மட்டும் தெரியும். நிஜமும் நடிப்பும் குழம்பிவிடக் கூடாது என்று ஒரு விதியும் உண்டு. நடிப்பவரின் சட்டைப் பையில் ஒரு பச்சை அட்டை இருக்கும். அட்டையைப் பார்த்த பிறகுதான் அதைப் பயிற்சி என்று அறிவிக்க வேண்டும். கோப்பில் மூன்றாம் பக்கம். நானே எழுதிய விதி.

விழுவதற்கு ஒரு நாடகக்காரரைப் பிடித்திருந்தோம். மனிதர் ஒரு வாரமாக என் பிராணனை வாங்கிவிட்டார். வசனம் உண்டா, எந்தக் கை வலிக்க வேண்டும், கண்ணைத் திறந்து வைக்கலாமா என்று ஓயாத போன். அன்று காலையிலும் வந்து நின்றார்.

"மேடம், நாலாம் பிளாக்ல வெயில் மண்டையப் பொளக்குது. பதினாறுல நிழலா இருக்கே, அங்க விழுறேனே?"

"அதெல்லாம் முடியாது. சொன்ன எடத்துல விழுங்க."

"எங்க விழுந்தா என்ன மேடம், விழுறதுதானே முக்கியம்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

இந்த முணுமுணுப்புத்தான் என் மண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஐம்பத்திரண்டாம் நிமிடம் கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் கரகரத்தது. பதினாறாம் பிளாக். அங்கே மஞ்சள் ஜாக்கெட் போட்டிருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கண்டக்டர் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருடம் பஸ்ஸில் கத்திய குரல், வயர்லெஸ்ஸே அவருக்குத் தேவையில்லை. ஒன்பதாம் வரிசையில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார் என்றார். நான் கவுன்ட்டவுனைப் பார்த்துச் சிரித்தேன். "நம்ம ஆளு நிழலுக்கு ஓடிட்டார் சார். எட்டு நிமிஷம் முன்னாடியே விழுந்துட்டார்."

"மேடம், இவர் நடிக்கிற மாதிரி தெரியல" என்றார் கண்டக்டர் அம்மா.

"நல்லா நடிக்கிறார்னு அர்த்தம்" என்றேன். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். பயிற்சி, பயிற்சி என்று இரண்டு முறை அறிவித்தேன்.

பயிற்சி என்றால் மருத்துவக் குழு ஓடக் கூடாது. ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று அதையும் நான்தான் எழுதி வைத்திருந்தேன். நான்காம் பிளாக் பக்கம் தயாராக நின்ற இரண்டு குழுவில் ஒன்று, வெளி நடைபாதையைச் சுற்றிக்கொண்டு சாவகாசமாக நடந்து போனது. பதினாறாம் பிளாக் சுவரிலேயே இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி பெட்டிக்குள் தொங்குகிறது. பயிற்சியில் அதன் முத்திரையை உடைக்கக் கூடாது. உடைக்கவில்லை.

சரியாக அறுபதாவது நிமிடம் வயர்லெஸ் மறுபடி கரகரத்தது. "நாலாம் பிளாக். ஒருத்தர் நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்துட்டார்."

நாடகக்காரர் சொன்ன இடத்தில், சொன்ன நொடியில், வெயிலில் வியர்க்க வியர்க்க விழுந்திருந்தார்.

அப்போ பதினாறில் விழுந்தது யார் என்று கவுன்ட்டவுன்தான் கேட்டார். நான் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். தூரத்தில் மனிதர்கள் புள்ளியாகத்தான் தெரிவார்கள். ஒன்பதாம் வரிசையில் ஒரு இருக்கையில் நீலப் பை ஒன்று உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

அவ்வளவுதான் நடந்தது. முதல் ஐந்து நிமிடத்துக்குள் கருவியை வைத்திருந்தால் தம்பி பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் கேட்டேன். வாய்ப்பு இருந்தது என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் அழவில்லை. பல் பிடுங்கும் முன்பு ஊசி போட்டால் கன்னம் நம்முடையது இல்லாத மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி. ஐந்தாம் நாளே வேலைக்குப் போனேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொன்னேன். வரவேற்பறைப் பெண் எனக்குக் கொண்டுவந்த காபியைக் கடைசிவரை குடித்துவிட்டேன், சர்க்கரை போடவில்லை என்பது கோப்பையைக் கழுவும்போதுதான் தெரிந்தது. அணிகள் தங்கும் ஓட்டலுக்கு மாற்றுப்பாதை, சக்கர நாற்காலிக்குச் சரிவு, நாட்டுக்கொடி வரிசை எல்லாம் கச்சிதமாகச் செய்தேன். அந்த மாதத்தில் நான் செய்த வேலையில் யாராவது ஒரு பிழை காட்டட்டும் பார்க்கலாம்.

தம்பி மனைவி தினமும் சாயங்காலம் போன் செய்வாள். ஒரே கேள்விதான்.

"அண்ணி, விழுந்தப்போ அவருக்கு நினைவு இருந்துச்சா? ஏதாவது சொன்னாரா?"

"இல்லம்மா. விழுந்த உடனே நினைவு போயிடுச்சு. ஒண்ணும் சொல்லல."

"உடனே யாராவது வந்தாங்கல்ல?"

"வந்தாங்க."

"நீங்க அங்க இருந்ததுதான் அண்ணி எனக்கு ஒரே ஆறுதல்" என்று சொல்லிவிட்டு வைப்பாள். நானும் வைப்பேன். ஒன்றும் தோன்றாது. அதுதான் பயமாக இருந்தது.

கடிகாரம் நான்கு நாள் காட்டியபோது கவுன்ட்டவுன் அறிக்கையோடு வந்தார். சர்வதேசக் குழுவுக்குப் போக வேண்டிய அறிக்கை. பயிற்சி வெற்றி, நான்காம் பிளாக், மூன்று நிமிடம் நாற்பது நொடி. அதற்குக் கீழே ஒரு பத்தி: பதினாறாம் பிளாக்கில் பார்வையாளர் ஒருவர் இறந்தார், உதவியாளர் தகவலைத் தெளிவாகச் சொல்லாததால் தாமதம் ஏற்பட்டது, அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

"அந்தம்மா தெளிவாத்தான் சொன்னாங்க சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இத பாருங்க. உங்க நிலைமை எனக்குப் புரியுது. உங்க தம்பி. நீங்க வேணும்னா செஞ்சீங்க? ஆனா இப்ப இத கிளறினா ஆட்டத்தையே வேற ஊருக்கு மாத்திடுவாங்க. மூணு வருஷ உழைப்பு. தொடக்க ஆட்டம் முடியட்டும், அப்புறம் உக்காந்து நிதானமா பேசுவோம்."

ஆள் கெட்டவர் இல்லை. ஆனால் காது குத்துகிறார் என்பது எனக்குத் தெரியும். கட்டுப்பாட்டு அறையில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகும். முப்பது நாள் இருக்கும், முப்பத்தோராம் நாள் காலை ஆறு மணிக்கு அழிந்துவிடும். அழியக் கூடாது என்றால் பாதுகாப்புத் திட்ட அலுவலர், அதாவது நான், ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தோராம் நாள் என்பது தொடக்க ஆட்டத்தின் நாள்தான். ஆட்டம் முடிந்து நிதானமாக உட்கார்ந்து பேசும்போது, பேசுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. அறிக்கையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் கண்டக்டர் அம்மா வந்தார். மஞ்சள் ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, கடையில் வாங்கின மாதிரி கொண்டுவந்திருந்தார். பெற்றுக்கொண்டதற்கு என்னிடம் கையெழுத்து வாங்கினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க தம்பின்னு அப்ப எனக்குத் தெரியாதும்மா" என்றார். அந்தக் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. "தெரிஞ்சிருந்தா நானே எறங்கி ஓடி வந்திருப்பேன். வயர்லெஸ்ஸ நம்பிட்டேன்."

"நீங்க நடந்தத வெளிய சொல்லலாமே. ஏன் சொல்லல?"

"சொன்னா யாரு நம்புவா? படிச்சவங்க நீங்க அப்படிச் சொல்லியிருப்பீங்களான்னு என் வீட்டுக்காரரே கேக்குறார்." எழுந்தவர் வாசலில் நின்றார். "அவர் தலைய என் மடியிலதாம்மா வச்சிருந்தேன். தரையில போடல. வீட்ல கேட்டா சொல்லுங்க."

அவர் போன பிறகு ஜாக்கெட் மேசையில் கிடந்தது, அறிக்கைக்குப் பக்கத்தில். எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்தேழு நாளில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அது. என் தம்பிக்காக நான் செய்யாததை யாரோ ஒரு அம்மாள் செய்திருக்கிறார், அதற்குக் கூலியாக அவர் கழுத்தில் என் தப்பை மாட்டி அனுப்புகிறோம். அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. படிவத்தை எடுத்தேன். பதிவைப் பாதுகாக்கக் காரணம் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. 'தவறு என்னுடையது' என்று எழுதினேன். இரண்டு வார்த்தைக்கு மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள்.

ஒரு நகல் சர்வதேசக் குழுவுக்கு, ஒரு நகல் கவுன்ட்டவுனுக்கு. அவர் படித்துவிட்டு வெகு நேரம் கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆட்டத்தை யாரும் எங்கேயும் மாற்றவில்லை. பாதுகாப்புத் திட்டத்துக்கு வேறொருவரைப் போட்டார்கள், அவ்வளவுதான். உதவியாளர் பற்றாக்குறை வேறு, அதனால் அன்றைக்கே கண்டக்டர் அம்மாவைக் கூப்பிட்டு ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பதிவின் நகலை என் போனில் வாங்கிக்கொண்டேன். கேட்கவில்லை. நடந்ததுதான் எனக்குத் தெரியுமே என்று நினைத்தேன்.

தொடக்க ஆட்டத்தன்று தம்பி வீட்டுக்குப் போனேன். அக்கம்பக்கத்து வீடுகளிலெல்லாம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மேல் மாடியில் யாரோ விசில் அடித்தார்கள். தம்பி மனைவி என்னைப் பார்த்ததும் பதறிவிட்டாள்.

"என்ன அண்ணி, இன்னைக்குப் போய் இங்க வந்திருக்கீங்க? ஆட்டம் ஆரம்பிக்கப் போகுதே!"

உட்கார் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை அட்டை, நாடகக்காரர், நிழல், எட்டு நிமிடம், நல்லா நடிக்கிறார்னு அர்த்தம். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், தம்பியின் கருவிப் பெட்டி இருந்த மூலையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். பதிவு இருக்கிறது, உனக்குக் கேட்க உரிமை உண்டு என்றேன். போடச் சொன்னாள்.

போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். முதலில் கூட்டத்தின் இரைச்சல். அப்புறம் கண்டக்டர் அம்மாவின் குரல். அப்புறம் என் குரல், சிரிப்பு. எனக்குத் தெரிந்தது அதோடு முடிந்தது. பதிவு முடியவில்லை.

"மேடம், சட்டைப் பையில அட்டை எதுவும் இல்ல மேடம்."

"வீட்லயே வச்சுட்டு வந்திருப்பார். அவர் ஆளு அப்படி." என் குரல்தான்.

இப்படி ஒன்று நடந்ததே எனக்கு நினைவில் இல்லை. சத்தியமாக இல்லை. மறுபடி இரைச்சல். கண்டக்டர் அம்மா மூன்றாம் முறையாக வந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு.

"மேடம், அக்கா அக்கான்னு கூப்பிடுறார் மேடம். அக்கா மேலதான் இருக்கு, அக்காகிட்ட சொல்லுங்கங்கிறார்."

அவர் பேசும்போதே பின்னால், இரைச்சலுக்கு அடியில், இன்னொரு குரல் கேட்டது. மெலிந்த குரல். ஆஃப்சைடு என்றால் என்ன என்று நான்கு தடவை கேட்ட குரல். "அக்காகிட்ட" என்றது.

"வசனமெல்லாம் பிரமாதம்" என்றேன் நான். "நேரத்தை மட்டும் குறிச்சுக்குங்க."

பதிவு நின்றது. மாடியில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யாரோ கோல் போட்டுவிட்டார்கள் போல.

தம்பி மனைவி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். வெளியே போ என்பாள் என்று நினைத்தேன். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"ஒண்ணும் சொல்லலன்னு சொன்னீங்களே, அண்ணி."

அவள் மேசையின் மேல் போனை மெல்ல என் பக்கம் தள்ளினாள்.

"அவர் பேசுறது மட்டும் இன்னொரு தடவை போடுங்க."

அந்த இடத்தைத் தேடினேன். கைக்கு இடம் அகப்படவில்லை. ஒரு மாதமாக அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்த கை. மூன்று தடவை தவறான இடத்தில் அழுத்தினேன், மூன்று தடவையும் என் சிரிப்புத்தான் வந்தது.